வெள்ளைப் பொறி

வெள்ளைப் பொறி சீறிப் பறக்கிறது, மத்தாப்பு கொளுத்தினாற்போல, இரும்பு சிவப்பைத் தாண்டி வேகிறதென்று எனக்குத் தெரிகிறது, தெரிந்தும் என் கை துருத்திக் கயிற்றை இழுக்கிறது, இப்போது மத்தியானம் கண்ணயர்ந்தாலும் இழுக்கிறது, திடுக்கிட்டு எழுந்தால் உலையும் இல்லை, என் வீட்டுக்காரரும் இல்லை, திரும்பக் கண்ணை மூடினால் மூக்காண்டி அண்ணாச்சி பட்டறைக்குள் வருகிறார், அருவாளைக் கீழே போட்டு, இப்பவே பதமா அடிச்சுக் குடும் ஆசாரி என்று என் வீட்டுக்காரரிடம் சொல்கிறார், முந்தின நாள்தான் கிணற்றுத் தண்ணீர்ச் சண்டையில் அண்ணாச்சியின் தம்பி தவசி அண்ணாச்சியைக் கன்னத்தில் அறைந்திருந்தான், அவன வெட்டாம விடமாட்டேன் என்று அண்ணாச்சி ஊர் கேட்கக் கத்தியிருந்தார், பட்டறையில் வேலைக்கும் வம்புக்குமாக உட்கார்ந்திருந்த அத்தனை ஆம்பளைகளுக்கும் அது தெரியும், ஒருத்தர் வாய் திறக்கணுமே, வாயில் என்ன கொழுக்கட்டையா, ஒருவர் மழையைப் பற்றிப் பேசுகிறார், மழையாம் மழை, என் வீட்டுக்காரரும் அருவாளை நெருப்பில் சொருகுகிறார், வேறென்ன செய்வார், அறுப்புக்கு அறுப்பு களத்தில் எங்களுக்குக் கூலி நெல் அளக்கிற வீடு, அந்த வீட்டு இரும்பை மாட்டேனென்று சொல்லும் வழக்கமே கிடையாது, ஆனால் துருத்தி என் கையில் அல்லவா இருந்தது.

சிவந்ததும் நிறுத்தியிருக்க வேண்டும், வெள்ளைப் பொறி கிளம்பிவிட்டால் இரும்பு வெந்து உதவாமல் போகும், ஏட்டி போதும், போதும்ங்கேன்லா என்று வீட்டுக்காரர் கத்தக் கத்த ஊதினேன், பொறி கொட்டியது, சம்மட்டி பட்டதும் அருவாளின் வாய் பொலபொலவென்று உதிர்ந்தது, கை தப்பிட்டு அண்ணாச்சி, புதுசு அடிச்சுத் தாரேன், நாலு நாள் பொறுங்க என்று அவர் கெஞ்சுகிறார், இந்த வேலைக்குத்தான் நெல்லு அளக்கோமோ என்று மூக்காண்டி அண்ணாச்சி காறித் துப்பிவிட்டுப் போகிறார், அவர் தலை மறைந்ததும் இவர் என்மேல் பாய்ந்தார், எம் பேர நாசமாக்கிட்டியே, ஊரே சிரிக்குமே, ஆமா, அந்தப் பேர வச்சு நாக்கு வழிக்கவா என்று நானும் கத்தினேன், அன்றைக்கு அவர் சோற்றைத் தொடவில்லை, எனக்கும் இறங்கவில்லை.

விடிந்ததும் தவசி வந்து நிற்கிறான், அவன் கையிலும் அருவாள், அண்ணன் தேடுதானாம்லா ஆசாரி, நா மட்டும் சும்மா இருக்கவா, சட்டுனு அடிச்சுத் தாரும் என்கிறான், அடப்பாவி, யார் உயிருக்காக அவ்வளவு ஏச்சு வாங்கினேனோ அவனே, அதுவும் நெல் அளக்கிற வீடுதான், எனக்கு இவர் முகத்தைப் பார்க்கவே பயம், இவர் அருவாளை வாங்கி உலையில் வைக்கிறார், ஊதுகிறேன், இரும்பு சிவக்கிறது, கயிற்றை விட்டுவிட்டேன், இவர் இடுக்கியை எடுக்கவில்லை, நெருப்பைப் பார்த்தபடியே, ஊது என்கிறார், இழுக்கிறேன், முதல் வெள்ளைப் பொறி கிளம்புகிறது, இன்னும் ஊது என்கிறார்.