ஆரூரனின் பின்னேரம்

"சேட்டுத் தெறியளைக் கழட்டுங்கோ தம்பி" என்றார் பெண் டொக்டர் யோசப்பின். ஒன்றும் விளங்காமல் மயூரதன் சட்டைப் பொத்தான்களைக் கழற்றினான். துவாயில் சுற்றியிருந்த பிள்ளையை எடுத்து அவனுடைய வெறும் நெஞ்சில் கிடத்தி, மேலே போர்வையால் மூடினார் டொக்டர். "தாய் ஒப்பரேசன் தியேட்டராலை வருமட்டும் தகப்பன்ரை சூடுதான்."

பாரமே தெரியவில்லை. விட்டுவிட்டு வந்த மூச்சு மட்டும் தோலில் பட்டது.

ஸ்கானில் முன்னமே சொல்லியிருந்தார்கள். இருதயமும் மூளையும் சரியாக உருவாகவில்லை, பிறந்தாலும் ஒரு நாளைத் தாண்டாது என்று. அதனால் சண்டிலிப்பாயிலிருந்து மயூரதனுடைய அப்பா கதிரவேலு ஒரு முடிவோடுதான் வந்திருந்தார்.

"டொக்டர், மருமகள் உதயகலா கண் முழிக்க முந்திப் பிள்ளையை ஒரு பக்கமா வைச்சிடுங்கோ. பாத்தா அவள் மறக்கமாட்டாள். நிக்காத உயிருக்கு மருந்தேன்?"

யோசப்பின் கோபப்படவில்லை. "ஐயா, இந்தப் பிள்ளை சீவனோடை பிறந்தவர். மூச்சு விட்ட நேரந்தொட்டு சட்டத்துக்கு உவரும் நீங்களும் நானும் ஒண்டுதான். ஒரு பக்கமா வைக்க எனக்கு உரிமை இல்லை."

மயூரதன் நிமிர்ந்து டொக்டரைப் பார்த்தான். "அப்ப அந்த மூச்சு மெசினைப் போடுங்கோவன்."

"போட்டா உவருக்கு நோவுதான் தம்பி, சுகம் வராது. அதைச் செய்யச் சொல்லிச் சட்டம் கேக்கேல்லை. குளிராமல், நோகாமல், தனியக் கிடவாமல் பாக்கோணும். அதிலை நான் குறை விடமாட்டன்."

விடவும் இல்லை. பிள்ளை முகம் சுளித்தபோதெல்லாம் வந்து நாக்கில் ஒரு சொட்டு மருந்து விட்டார். உதயகலாவைக் கட்டிலோடு தள்ளிக்கொண்டு வந்ததும் பிள்ளையை அவள் கையில் கொடுத்தார். அவளுடைய பாலை உதட்டில் தடவியபோது பிள்ளை நாக்கை நீட்டி நக்கினான். உதயகலா சிரித்தாள். மாதக்கணக்கில் மயூரதன் காணாத சிரிப்பு.

"ஆரூரன் எண்டு பேர் வைப்பம்" என்றாள். "மாமா, மூக்கைப் பாருங்கோ. உங்கடை மூக்கு."

கதிரவேலு கதவோரம் நின்றிருந்தார். அவருடைய சப்பை மூக்கு ஊரில் பேர்போனது. "என்ரை மூக்கோ?" என்று கேட்டுக்கொண்டு கிட்ட வந்து குனிந்தார். "ஓம்" என்றார். பிறகு இரண்டு கைகளையும் நீட்டினார்.

அன்று பின்னேரம் முழுக்கப் பிள்ளை கைமாறிக் கைமாறிக் கிடந்தான். கதிரவேலு அவனோடு கதைத்தார். "எங்கடை கிணத்துத் தண்ணி இன்னும் நல்ல தண்ணிதான் ராசா. பக்கத்துக் காணியள் எல்லாம் உப்பாப் போச்சு. இந்தமுறை வெங்காயம் வைச்சிருக்கிறன்." தன்னோடு அப்பா இவ்வளவு கதைத்ததாக மயூரதனுக்கு ஞாபகம் இல்லை.

பொழுதுபடும்போது ஆரூரன் தாயின் கழுத்தடியில் கிடந்தான். மூச்சுக்கு மூச்சு இடைவெளி கூடிக்கொண்டு போனது. பிறகு அடுத்த மூச்சு வரவில்லை. யோசப்பின் வந்து, ஸ்டெதஸ்கோப்பின் குளிர்ந்த வட்டத்தை உள்ளங்கையில் வைத்துச் சூடாக்கி, அதன் பிறகே பிள்ளையின் நெஞ்சில் வைத்தார். நெடுநேரம் கேட்டார்.

"நோகாமல் போயிட்டார்" என்றார். பிள்ளையை அவர் எடுக்கவில்லை. "வேணுமெண்டமட்டும் வைச்சிருங்கோ அம்மா."

அடுத்த நாள் காலை, பிள்ளையைப் புதைத்து, குளித்துவிட்டுத் திரும்பும் வழியில் அப்பாவும் மகனும் ஒரு தேத்தண்ணிக் கடையில் ஏறினார்கள். கடைக்காரர் தேவராசா கதிரவேலுவுக்குப் பழக்கம், விஷயம் தெரியாதவர்.

"என்ன அண்ணை, கனநாளாக் காணேல்லை. பேரப்பிள்ளையள் இப்ப எத்தினை?"

மயூரதன் குனிந்து மேசையைப் பார்த்தான்.

"மூண்டு" என்றார் கதிரவேலு. "ரெண்டு பேர் கனடாவிலை. சின்னவன் ஆரூரன். நேற்றுப் பின்னேரம் முழுக்க என்ரை மடியிலைதான்."

"நல்லது அண்ணை" என்று தேவராசா இரண்டு தேத்தண்ணியைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார். மயூரதன் அப்பாவின் கோப்பைக்குள் சீனியைப் போட்டு, அது கரையுமட்டும் கலக்கினான்.