டிரம்முக்கு வந்த பஞ்சாயத்து

எல்லப்பன் தன் ஆட்கள் நாலு பேரோடு வாசலில் வந்து நின்றதும் அம்சவல்லி வெளியே வந்தாள். மனுஷர் அவள் முகத்தையும் பார்க்கவில்லை, அவள் புருஷன் ரகுபதியின் முகத்தையும் பார்க்கவில்லை. கண் நேராகக் கொட்டகைக்குப் போனது. அங்கேதான் டீசல் டிரம் இருந்தது.

ஈரானும் ஈராக்கும் அடித்துக்கொண்டதில், ஸ்ரீபெரும்புதூர் பெட்ரோல் பங்கில் நின்றவர்கள் வெறும் கேனோடு திரும்பிக்கொண்டிருந்தார்கள். ஐப்பசி மழையும் ஏமாற்றிவிட்டது. கதிர் பால் பிடிக்கிற நேரத்தில் வடக்குப்பட்டு ஊரில் தண்ணீர் இறைக்கிற எல்லார் இஞ்சினும் வாயை மூடிக் கிடந்தது. ரகுபதிக்கும் அவன் தம்பி தசரதனுக்கும் கிணறும் இஞ்சினும் பொது என்பதால், தட்டுப்பாடு வருமுன்பே சேர்ந்து ஒரு டிரம் வாங்கி வைத்திருந்தார்கள். மற்றபடி அவர்களுக்குள் பேச்சு கிடையாது. யார் முறையில் எவ்வளவு தண்ணீர் என்று மூன்று வருஷச் சண்டை.

எல்லப்பன் ஊரில் பெரிய கழனிக்காரர். அம்சவல்லிக்கு மாமா முறை. அண்ணன் தம்பி சண்டையால் ஊர் கெட்டுப்போகிறது, இனியும் விடமுடியாது என்று ஆரம்பித்தார். அண்ணன் தம்பி அடித்துக்கொண்டு மண்டை உடைந்தபோதுகூட எட்டிப்பார்க்காத மனுஷருக்குக் கரிசனம் இப்போது பொங்கி வழிந்தது. சமாதானம் ஆகும்வரை டிரம் தன் கொட்டகையில் பூட்டி இருக்கட்டும் என்றார்.

“டிரம்மு இல்லன்னா வந்திருப்பீங்களா மாமா?” என்று அம்சவல்லி கேட்டேவிட்டாள்.

எல்லப்பன் கோபப்படவில்லை. “ரேடியோ கேக்கறியா இல்லியா? கடல்ல பெரிய பெரிய தேசத்துக் கப்பலுங்க பீரங்கியோட நின்னுகினு கீது. இன்னாத்துக்கு? எண்ணெ நின்னா ஊரே காயும்மா. ரெண்டு பேரு சண்டைக்கு மத்தவன் பயிரு சாவணுமா?”

அதில் நியாயம் இருக்கிற மாதிரியும் இருந்தது. அதுதான் அவளுக்கு எரிச்சல். ரகுபதியோ, தம்பிக்குக் கிடைக்காமல் போனால் சரி என்று தலையாட்டினான். கூப்பிட்டனுப்பிய தசரதனும் அண்ணனுக்குக் கிடைக்காமல் போகட்டும் என்றே தலையாட்டினான். இந்த வீட்டு ஆம்பளைகளுக்குப் புத்தி போகிற போக்கே அப்படித்தான்.

டிரம் எல்லப்பன் கொட்டகைக்குப் போய்ச் சேர்ந்த மறுநாளே அவர் இஞ்சின் ஓடியது. ஊருக்கும் கொஞ்சம் கொடுப்பார் என்று காத்திருந்தவர்கள் காத்துக்கொண்டே இருந்தார்கள். அம்சவல்லி வீம்பை விழுங்கிவிட்டு தசரதன் பெண்டாட்டியான ஓரகத்தி சின்னப்பொண்ணு வீட்டுப் படியேறினாள். இருவரும் புருஷன்மாரைப் பிடித்து உலுக்கியதில் அண்ணனும் தம்பியும் ஒருவழியாக ஒத்துவந்தார்கள். சண்டை தீர்ந்தது, டிரம்மைக் கொடுங்கள் என்று கேட்டதற்கு, விடியட்டும் பார்க்கலாம் என்றார் எல்லப்பன்.

விடிந்தபோது ரகுபதியின் வரப்பு வெட்டப்பட்டுக் கிடந்தது. தசரதன் மண்வெட்டியோடு போனதைப் பார்த்தேன் என்று எல்லப்பனின் ஆள் ஒருவன் சொன்னான். எல்லப்பனும் வந்து, இதற்குத்தான் அவசரப்படாதீர்கள் என்றேன் என்று பெருமூச்சு விட்டார். ரகுபதி தம்பியின் சட்டையைப் பிடித்தான்.

அம்சவல்லி கழனியில் இறங்கி நின்றாள். காலடியில் மண் பாளம் பாளமாக வெடித்திருந்தது.

“தண்ணி திருடத்தான் வரப்ப வெட்டுவாங்க. இந்தக் கழனியில தண்ணி எங்க கீது?” என்றாள்.

ரகுபதியின் கை தானாக இறங்கியது. எல்லப்பன் தன் ஆளைத் திரும்பி முறைத்தார். தூரத்தில் அவர் இஞ்சின் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. பிறகு இருமி இருமி அதுவும் நின்றது.

அண்ணன், தம்பி, பெண்டாட்டிமார் நாலு பேரும் எல்லப்பன் கொட்டகைக்குப் போனார்கள். கதவில் பூட்டே இல்லை. அன்றைக்கு நாலு ஆம்பளைகள் மூச்சு வாங்க உருட்டிப்போன டிரம்மை அம்சவல்லி ஒற்றைக் கையால் சாய்த்தாள். அடியில் ஒரு சொட்டுகூட இல்லை. வெளியே எல்லப்பன் கழனியில் கணுக்கால் தண்ணீர் பளபளத்தது. அவளுக்கு அழுகை வந்துவிட்டது. அழுதுகொண்டே, ஓரகத்தியோடு சேர்ந்து காலி டிரம்மை வீட்டுக்கு உருட்டிக்கொண்டு போனாள்.