நெஞ்சில் இரண்டு தட்டு

ரேடியோ நிலையத்திலிருந்து அழைப்பு வந்தபோது அவருக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. ஞாயிற்றுக்கிழமை காலைத் தோட்ட நிகழ்ச்சிக்கு அவருடைய மனைவி விருந்தினராக வந்து பேச வேண்டுமாம். அவளோ சின்ன வயதில் வந்த ஒரு காய்ச்சலுக்குப் பிறகு ஒரு சத்தத்தையும் கேட்டறியாதவள். வாய்விட்டு ஒரு வார்த்தை பேசியவளுமில்லை. ‘உன்னை ரேடியோவில் பேசக் கூப்பிடுகிறார்கள்’ என்று சொன்னால் எப்படிச் சிரிப்பாள் என்று அவருக்குத் தெரியும். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, சத்தமே இல்லாமல், கண்ணில் நீர் கோத்துக்கொள்ளச் சிரிப்பாள். அதைச் சொல்ல வலது கை பாதி எழுந்தும் விட்டது. அவள் போய் ஒரு மழைக்காலமும் போய்விட்டது என்பது அப்புறம்தான் நினைவுக்கு வந்தது. தூக்கிய கையை என்ன செய்வதென்று தெரியாமல் தலையைச் சொறிந்துகொண்டார்.

“அவங்க இப்ப இல்லம்மா” என்றார் போனில்.

“பரவாயில்ல சார். எப்ப வருவாங்கன்னு சொன்னீங்கன்னா திரும்பக் கூப்பிடுறேன்.”

“காலமாயிட்டாங்கம்மா.”

அந்தப் பக்கத்துப் பெண் தடுமாறிப் போனாள். மன்னிப்புக் கேட்டாள். பிறகு தயங்கித் தயங்கி, “ரெண்டு பேரும் சேர்ந்து போட்ட மாடித் தோட்டம்னு எங்களுக்கு வந்த குறிப்புல இருக்கு சார். நீங்க வர முடியுமா?” என்று கேட்டாள்.

குறிப்பு எழுதி அனுப்பியது யாரென்று கேட்க வேண்டிய அவசியமே இல்லை. மனைவியின் தங்கையைத் தவிர வேறு யாருக்கு அந்த வேலை? அன்று மாலையே போனில் பிடித்தார்.

“ஆமா அத்தான், நான்தான் போட்டோவெல்லாம் எடுத்து அனுப்பினேன். அக்கா இருந்தப்பவே. ஏதோ போட்டின்னு போட்டிருந்தாங்க, ஜெயிச்சா ஒரு மிக்ஸியாவது கிடைக்கும்னு நெனச்சேன். இப்பத்தான் முழிச்சிருக்காங்களா?”

“எனக்கு என்ன தெரியும்னு நான் போறது? குழாயைப் பிடிச்சேன். அவ்வளவுதான் என் தோட்ட வேலை.”

“அப்ப அதைப் போய்ச் சொல்லுங்க. வீட்டுல உட்கார்ந்து சுவரையே பார்த்துக்கிட்டிருந்தா, சுவர் என்ன காபி போட்டா கொடுக்கப் போகுது?”

அவர் வாழ்நாளெல்லாம் மருந்துக் கடை வைத்திருந்தவர். கடையில் பேச்சுக்குக் குறைவில்லை. சாப்பாட்டுக்கு முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று, தலை சுற்றினால் உடனே நிறுத்திவிடுங்கள், அவசரப்பட்டு இரண்டாகப் போட்டுக்கொள்ளாதீர்கள் என்று காலையிலிருந்து இரவு வரை வாய் ஓயாது. வீட்டு வாசலுக்கு வந்ததும் செருப்போடு சேர்த்துப் பேச்சையும் கழற்றி வைத்துவிட்டு உள்ளே போவார். உள்ளே எல்லாம் கைதான்.

அந்தக் கைப்பேச்சை அவர்களுக்கு யாரும் கற்றுக்கொடுக்கவில்லை. திருமணமான புதிதில் ஒன்றொன்றாக இருவரும் உண்டாக்கிக்கொண்டதுதான். கன்னத்தைக் கிள்ளினால் தக்காளி. விரலை உதறினால் ரோஜா. ஒரு கண்ணை மட்டும் சுருக்கினால் எலுமிச்சை. மூக்கு நுனியில் மாவு தட்டுவது போல் தட்டினால், செடியில் வெள்ளைப் பூச்சி வந்துவிட்டது என்று பொருள். உள்ளங்கையில் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடினால் கீழே இருக்கும் வாட்ச்மேன். தங்கைக்காரிக்குக்கூட இதில் பாதி விளங்காது. பிறந்த வீட்டுக் கை வேறு, புகுந்த வீட்டுக் கை வேறு. பிள்ளைகளும் இல்லை. ஆக, உலகத்திலேயே இரண்டு பேர் மட்டும் பேசிய பேச்சு அது. இப்போது ஒருவர் பாக்கி. ஒருவர் பேசினால் அது பேச்சில்லை. சும்மா கையை ஆட்டுவது.

போவதாக அவர் ஒப்புக்கொண்டதற்கு ஒரே காரணம் எலுமிச்சைதான்.

பழைய நீல டிரம் ஒன்றைப் பாதியாக அறுத்து அதில் அவள் விதை போட்டு வளர்த்த மரம் அது. அவள் கையால் முளைத்து, அவள் தலைக்கு மேலே வளர்ந்தது. அவள் போன பிறகு இலைகள் மஞ்சளாகத் தொடங்கின. பிறகு உதிர்ந்தன. பூத்த பூவும் நிற்கவில்லை. அவர் உரம் வைத்தார், மருந்து தெளித்தார், நிழல் கட்டினார், நிழலைப் பிரித்தார். தண்ணீர் ஒரு நாளும் தவறவில்லை. மற்றச் செடிகள் எப்படியோ தாக்குப்பிடித்தன. இது மட்டும் நாளுக்கு நாள் சோர்ந்துகொண்டே போனது. இதுவும் போய்விட்டால் அந்த மாடியில் அவருக்கு என்ன வேலை? ரேடியோ நிகழ்ச்சிக்கு விவரம் தெரிந்தவர்கள் போன் செய்வார்கள், அவர்களில் ஒருவரிடம் கேட்டுவிடலாம் என்று நினைத்தார். விருந்தாளியாகப் போகிறவன் கேள்வி கேட்கக் கூடாதென்று சட்டமா என்ன?

ஞாயிறு காலை சலவைச் சட்டை போட்டுக்கொண்டு இறங்கும்போது வாட்ச்மேன் வழிமறித்தார்.

“சார், நேத்தும் மேல இருந்து என் நாற்காலியில ஊத்திடுச்சு. நான் என்ன, குடையைப் பிடிச்சுக்கிட்டா காவல் காக்கறது?”

“செடிக்கு ஊத்தினது, கொஞ்சம் வழிஞ்சிருக்கும்.”

“அம்மா இருந்தப்ப ஒரு சொட்டு விழுந்ததில்ல சார்.”

“ரேடியோவுல பேசப் போறேன்” என்று மட்டும் சொன்னார். வாட்ச்மேன் நம்பாமல் சட்டையை ஏற இறங்கப் பார்த்தார்.

ஸ்டூடியோ என்பது பழைய கட்டடத்தின் கடைசியில் ஜன்னலே இல்லாத ஓர் அறை. சுவரெல்லாம் துணி ஒட்டியிருந்தது. ஒரு மேஜை, இரண்டு மைக், எதிர்ச் சுவரில் பெரிய கண்ணாடி. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பொத்தான்கள் நிறைந்த பலகையின் முன் பருத்த மனிதர் ஒருவர் ஹெட்போன் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நிகழ்ச்சி நடத்தும் பெண்ணுக்கு முப்பதுக்குள்தான் இருக்கும். போனில் பேசியவள் அவள்தான்.

“பயப்படாதீங்க சார். இங்க ஒரே ஒரு விஷயம்தான். பேசாம மட்டும் இருந்துடக் கூடாது. தலையாட்டினா கேக்கறவங்களுக்குத் தெரியாது, வாயைத் திறந்து சொல்லணும்.”

அவர் தலையாட்டினார். அவள் சிரித்துவிட்டாள்.

அந்த நேரத்தில் கண்ணாடிக்குப் பின்னால் இருந்த மனிதர் கையை உயர்த்தினார். மூடிய கை: பொறு. பிறகு ஒரு விரல் அவளை நோக்கி நீண்டது: தொடங்கு. சிவப்பு விளக்கு எரிந்தது. அவள் வணக்கம் சொல்லத் தொடங்கியதும் அந்த மனிதரின் இரு கைகளும் ரப்பரை இழுப்பது போல் விலகின: நீட்டிப் பேசு. ஆட்காட்டி விரல் காற்றில் வட்டம் போட்டது: நிறுத்தாதே, போய்க்கொண்டே இரு.

ஒரு சைகையையும் அவருக்கு விளக்கத் தேவைப்படவில்லை. மனைவி போன நாளிலிருந்து அவர் முன்னால் யாரும் இப்படிக் கையால் பேசியதில்லை. நெடுநாள் பசித்தவன் சாப்பாட்டுக் கடை வாசலில் நிற்பது போல் அவர் கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“சார்?” என்றாள் அவள். “எப்படி ஆரம்பிச்சது இந்தத் தோட்டம்?”

“என் மனைவி ஆரம்பிச்சாங்க.”

அதற்கு மேல் வார்த்தை வரவில்லை. கண்ணாடிக்குப் பின்னால் கைகள் ரப்பரை வேகமாக இழுத்தன. அவரையறியாமல் அவர் கை எழுந்து பதில் சொன்னது: சொல்கிறேன், இரு. அந்த மனிதர் ஹெட்போனை ஒரு காதிலிருந்து நகர்த்திக்கொண்டு அவரை விநோதமாகப் பார்த்தார்.

அந்தப் பெண் சமாளித்துக்கொண்டாள். “நேயர்களே, சார் இப்ப கையால எங்க ஆளுக்கு ஏதோ பதில் சொல்றார். நம்மளை விட்டுட்டு அவங்க ரெண்டு பேரும் தனியா நிகழ்ச்சி நடத்துறாங்கபோல. என்ன சார் சொன்னீங்க?”

“பழக்கம்மா. என் மனைவிக்குக் காது கேக்காது, பேச்சும் இல்ல. எங்க வீட்டுல எல்லாமே கைதான். தோட்டத்தைப் பத்தி அவங்க எனக்குச் சொன்னதெல்லாம் கையில இருக்கு. வாய்க்கு வரமாட்டேங்குது.”

அவள் ஒரு கணம் அவரைப் பார்த்தாள். “அப்ப கையாலயே சொல்லுங்க சார். நான் பார்த்துச் சொல்றேன்.”

அப்படித்தான் அந்த நிகழ்ச்சி நகர்ந்தது. அவர் கன்னத்தைக் கிள்ளினார். ரேடியோவில் அவள் அதைச் சொன்னாள். விரலை உதறினார். “முள்ளு குத்திடுச்சா சார்? ஓ, ரோஜாவா!” என்றாள். வாட்ச்மேனுக்கு உண்டான சைகையையும் கேட்டு வாங்கிச் சிரித்தாள். நேயர்கள் அழைக்கத் தொடங்கினார்கள். மிளகாய்ச் செடி ஏன் காய்க்கவில்லை என்று ஒருவர், பூனைத் தொல்லைக்கு வழி என்ன என்று ஒருவர். தெரிந்ததைச் சொன்னார், தெரியாததைத் தெரியாது என்றார். எலுமிச்சையைப் பற்றிக் கேட்க மட்டும் சமயம் வாய்க்கவில்லை.

கடைசியாக ஒரு பெண்ணின் குரல் வந்தது. துணிக்கடையில் வேலை பார்ப்பதாகச் சொன்னாள்.

“தொட்டியில ஒரு எலுமிச்சை வச்சிருக்கேன் சார். இலையெல்லாம் மஞ்சளாகிக் கொட்டுது. பூ நிக்கவே மாட்டேங்குது.”

அவர் நாற்காலியின் விளிம்புக்கு வந்துவிட்டார்.

“தண்ணியெல்லாம் ஒழுங்கா ஊத்துறீங்களாம்மா?”

“ஒரு நாள் தவறினதில்ல சார். வேலை விட்டு வந்ததும் முதல் வேலை அதுதான். மண்ணு மேல பாசிகூடப் பிடிச்சிருக்கு. ஆனா இலையைப் பார்த்தா தாகத்துல தொங்கற மாதிரியே இருக்கு. இன்னும் கொஞ்சம் சேர்த்து ஊத்தட்டுமா?”

அவர் கேட்க வைத்திருந்த கேள்வியை அவள் சொல் மாறாமல் கேட்டுவிட்டாள். எனக்கும் அதே கதைதான்மா, யாராவது தெரிஞ்சவங்க சொல்லட்டும் என்று சொல்ல வாயைத் திறந்தார். வாய் சொல்வதற்குள் கை எழுந்துவிட்டது. விரிந்த உள்ளங்கை நெஞ்சில் இரண்டு முறை தட்டியது. மைக் அதை வாங்கிக்கொண்டது. டப், டப். கண்ணாடிக்குப் பின்னால் இருந்தவர் துள்ளி ஹெட்போனைப் பிடித்துக்கொண்டார்.

தன் கையையே பார்த்தார் அவர். அப்போதுதான் மனைவியோடு மாடியில் கழிந்த மாலைநேரங்கள் எல்லாம் திரும்பி வந்தன. குழாயைப் பிடித்துக்கொண்டு அவர் நிற்பார். ஒவ்வொரு தொட்டியாக அவள் முன்னால் போவாள். அவர் தொட்டியைப் பார்த்ததே இல்லை. பார்த்ததெல்லாம் அவள் முகத்தையும் கையையும்தான். அவள் நெஞ்சைத் தட்டினால் குழாயை நகர்த்துவார். எலுமிச்சையிடம் மட்டும் அந்தக் கை சீக்கிரமாக எழும்பிவிடும், ஊற்றத் தொடங்கியதுமே. சில நாள் அதன் பக்கம் போகவே விடமாட்டாள். அடுத்த தொட்டிக்கு அவசரப்படுகிறாள் என்றே அவர் நினைத்திருந்தார். அவள் போன பிறகு தட்டுவதற்கு ஆளில்லை. டிரம் நிரம்பி, தரையில் வழிந்து, வாட்ச்மேனின் நாற்காலி வரைக்கும் போகும்வரை அவர் ஊற்றிக்கொண்டே இருந்தார். ஒரு மாத்திரை கூடினால் ஆபத்து என்று ஊருக்கெல்லாம் சொன்ன மனிதர்.

“சார் உள்ளங்கையை விரிச்சு நெஞ்சுல ரெண்டு தட்டு தட்டினார்” என்று அந்தப் பெண் மெல்லிய குரலில் நேயர்களுக்குச் சொன்னாள். “அதுக்கு என்ன சார் அர்த்தம்?”

“போதும்னு அர்த்தம்.”

“தண்ணியா சார்?”

“ஆமாம்மா. போதும். அது தாகத்துல தொங்கல, மூழ்கிப் போய்த் தொங்குது. வேருக்கு மூச்சு விட வழியில்ல. விரலை உள்ள விட்டுப் பாருங்க. காயட்டும். நல்லாக் காஞ்சப்புறம் ஊத்தினாப் போதும்.”

துணிக்கடைப் பெண் விடவில்லை. “அப்ப சாயங்காலம் வந்து நான் என்ன சார் செய்யறது? சும்மா பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருக்கணுமா?”

“ஆமாம்மா” என்றார் அவர். “சும்மா பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருக்கணும்.”

சிவப்பு விளக்கு அணைந்தது. அந்தப் பெண் அவர் கையைப் பிடித்து நன்றி சொன்னாள். வெளியே நடைவழியில் அந்தப் பருத்த மனிதர் தேநீர்க் கோப்பையுடன் நின்றுகொண்டிருந்தார். அவரைப் பார்த்ததும் இவருக்குள் ஏதோ துள்ளியது. இரு கையாலும், நன்றாக நடத்தினாய், உன்னால்தான் தைரியம் வந்தது என்று சொன்னார்.

“என்ன சார் வேணும்? பாத்ரூமா? அந்தப் பக்கம் சார்” என்றார் அவர்.

இவர் நன்றி சொல்லிவிட்டு, தேவை இல்லாவிட்டாலும் அந்தப் பக்கமே போனார்.

மாலையில் வழக்கம்போல் மாடிக்கு ஏறினார். மிளகாய்க்கு ஊற்றினார், தக்காளிக்கு ஊற்றினார், ஒவ்வொன்றிலும் விரலை விட்டுப் பார்த்து. எலுமிச்சையிடம் வந்ததும் குழாயை விலக்கிப் பிடித்துக்கொண்டார். விலக்கியது சரி, ஆனால் அதை விட்டு நகர முடியவில்லை. வழக்கமாக அவள் நிற்கும் இடத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். தண்ணீர் தரையில் கொட்டி, ஓடி, மூலையில் இருந்த துளை வழியே கீழே இறங்கிக்கொண்டிருந்தது.

“சார்!”

கைப்பிடிச் சுவரில் சாய்ந்து எட்டிப் பார்த்தார். வாட்ச்மேன் நனைந்த நாற்காலியை ஒரு கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டு, அண்ணாந்து பார்த்து, மறு கையால் தன் நெஞ்சில் ஓங்கி இரண்டு தட்டுத் தட்டினார். சத்தியம் செய்கிறவரைப் போல. அவள் அப்படித் தட்டமாட்டாள். அவள் தட்டுவது காற்றுக்குக்கூடக் கேட்காது.

அவர் போய்க் குழாயை மூடினார். திரும்பி வந்து, ‘சரி’ என்பதற்கு அவர்கள் வைத்திருந்தபடி காது மடலைத் தொட்டுக் காட்டினார்.

“என்ன சார் சொல்றீங்க?”

“சரின்னு சொன்னேன்.”

“அதை வாயாலயே சொல்லலாம் சார், எனக்குக் காது நல்லாக் கேக்கும்!” என்று சிரித்தபடி வாட்ச்மேன் நாற்காலியை உதறிப் போட்டு உட்கார்ந்தார். “அப்புறம், கையில தலைய வச்சுத் தூங்கறது யாரு, நானா? ரேடியோவுல ஊரே கேட்டிருக்கு சார்!”

அவர் ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு எலுமிச்சையின் எதிரில் உட்கார்ந்தார். மண்ணில் விரலை விட்டார். உள்ளே சில்லென்று சேறாக இருந்தது. காய நாளாகும். வெளிச்சம் இன்னும் நிறைய மிச்சமிருந்தது. ஈரக் கைகளை மடியில் வைத்துக்கொண்டு, சும்மா பார்த்துக்கொண்டிருந்தார்.