வாயைப் பொத்திய சிரிப்பு

"நம்ம டிபார்ட்மெண்ட்லயே ஒருத்தரோட ஒருத்தர் பேசிக்காத ஆளுங்க நீங்க ரெண்டு பேர்தான். அதனாலதான் கூப்பிட்டேன்" என்றார் சாரதாமணி மேடம்.

வினிதாவுக்கு முகம் சுருங்கிப்போனது. பக்கத்து நாற்காலியில் மதுமதி ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தாள். எம்.எஸ்சி. உளவியலில் சேர்ந்த புதிதில் ஒரே டிபன் பாக்ஸில் கைவிட்டுச் சாப்பிட்டவர்கள். போன வருஷம் ஒரு செமினாருக்குப் பிறகு எல்லாம் நின்றுபோனது. பேசியே ஆகவேண்டி வந்தால் 'சொல்லுங்க', 'குடுங்க'தான். நேற்றுவரை 'ஏன்டி' என்று கூப்பிட்டவளுக்கு மரியாதை கொடுப்பதைப் போல ஒரு தண்டனை கிடையாது. அதை இருவருமே தாராளமாகக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள்.

மேடம் விஷயத்தைச் சொன்னார். அருள்புரத்தில் ஒரு பனியன் கம்பெனி. உள்ளூர்ப் பெண்களும் வெளிமாநிலங்களிலிருந்து வந்த பெண்களும் வேலை செய்கிற இடம். டீ நேரத்தில் ஒரே மேசையை இவர்கள் இருவரும் தள்ளித் தள்ளி உட்கார்ந்து கவனிக்க வேண்டும். யார் சிரித்தாலும் குறிக்க வேண்டும். ஒருவர் தாளை ஒருவர் பார்க்கக் கூடாது, பார்த்ததைப் பற்றிப் பேசிக்கொள்ளவும் கூடாது.

"ஒருத்தர் மட்டும் பாத்துச் சொன்னா அது அவங்க அபிப்பிராயம். ரெண்டு பேர் தனித்தனியாப் பாத்தும் ஒத்துப்போனாத்தான் நான் அதை நம்ப முடியும். இன்னொண்ணு, கண்ணுல பட்டதை மட்டும் குறிங்க. எதுக்குச் சிரிச்சாங்கன்னு நீங்களா முடிவு பண்ணாதீங்க."

"நாம எதைக் கண்டுபிடிக்கப் போறோமுங்க மேடம்?" என்று கேட்டாள் வினிதா.

"அது இப்ப வேண்டாம். தெரிஞ்சா உங்க கண்ணு அதையே தேட ஆரம்பிச்சிரும்."

முதல் நாள் மேசையில் ஒரு சிரிப்பும் இல்லை. இவர்கள் எதற்கு வந்திருக்கிறார்கள் என்று எல்லாரிடமும் முன்கூட்டியே சொல்லிச் சம்மதம் வாங்கியிருந்ததால், பெண்கள் குரூப் போட்டோவுக்கு உட்கார்ந்த மாதிரி விறைப்பாக டீ குடித்தார்கள். துணியில் நூல் பிசிறு வெட்டுகிற பொன்னாத்தாள் மட்டும் எழுந்து வந்தார்.

"ஏனுங் அம்மணி, நாங்க சிரிச்சா எழுதுவீங்க, செரி. டீ நல்லால்லீன்னு மொகத்தச் சுளிச்சா?"

"அது கணக்குல வராதுங்க அக்கா."

"அதான பாத்தேன்" என்று போய் உட்கார்ந்துகொண்டார்.

நாலைந்து நாளில் அவர்களுக்குப் பழகிவிட்டது. மேசை தன் போக்கில் கலகலப்பானது. ஒத்திகையாக எடுத்த முதல் கணக்கு முடிந்து இருவர் தாளையும் ஒப்பிட்ட மேடம் தலையில் கைவைத்துக்கொண்டார்.

"ஒரே மேசையைத்தானே பாத்தீங்க? மதுமதி கல்யாண ஊட்டைப் பாத்திருக்கா. வினிதா, நீ எழவு ஊட்டைப் பாத்திருக்கே. நாளைக்கு டீ டைமுக்கு முன்னாடியே போங்க. சிரிப்புன்னா எதுன்னு ரெண்டு பேரும் பேசி ஒரு முடிவுக்கு வந்து, எழுதிக் குடுத்துட்டு அப்பறம் கவனிக்க உக்காருங்க."

மறுநாள் ஆளில்லாத சாப்பாட்டுக்கூடத்தில் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். துணி பின்னுகிற பக்கத்து நிட்டிங் யூனிட்டின் இரைச்சல் சுவரைத் தாண்டி வந்துகொண்டிருந்தது.

"சத்தம் வந்தாத்தானுங்க சிரிப்பு" என்றாள் வினிதா, மேசையைப் பார்த்து.

"இந்த இரைச்சல்ல சத்தம் எங்கீங்க கேக்குது? தோளு குலுங்குது, கண்ணு சுருங்குது, கை வாய்க்குப் போகுது. அது சிரிப்பில்லீங்களா?"

"வாயைப் பொத்திட்டுச் சிரிச்சா அது நக்கலுங்க."

"நக்கல்னு யாருங்க சொன்னது? எதுக்குன்னு நாமளா முடிவு பண்ணக் கூடாதுன்னு மேடம் சொன்னது மறந்துபோச்சுங்களா?"

"எனக்குத் தெரியுமுங்க." வினிதாவின் குரல் உயர்ந்துவிட்டது. "செமினார்ல நான் பாத்தேனே! அந்த ஜெர்மன்காரர் பேரைச் சொல்ல முடியாம எனக்கு நாக்குக் கொழறுச்சு. நிமிந்தா, மொத பெஞ்சுல நீங்க வாயைப் பொத்திட்டுக் குலுங்கறீங்க. வேற எதுக்கு?"

மதுமதி அவளையே பார்த்தாள்.

"அதுக்கா?" 'ங்க' எங்கோ விழுந்துவிட்டது. "அடியே, நான் உன்னைப் பாக்கவே இல்லடி! உனக்குப் பின்னாடி ஹெச்.ஓ.டி. சார் உக்காந்திருந்தாரா? உன்ற ஸ்லைடுல மூளைப் படம் வந்துச்சா? அது அப்படியே அவரு வழுக்கைத் தலையில போய் விழுந்துச்சுடி. மடிப்பெல்லாம் சுத்தமாத் தெரிஞ்சுது. மண்டையத் தெறந்து வெச்ச மாதிரி! அதோட அவரு உன் பேச்சுக்கு ஆமா ஆமான்னு வேற தலையாட்டறாரு..."

வினிதா சிரிக்கக் கூடாது என்றுதான் இருந்தாள். உதட்டைக் கடித்துப் பார்த்தாள்.

"அப்பவே சொல்றதுக்கென்ன?"

"ஏன் பேச மாட்டேங்கறேன்னு கேக்கலாம்னு வந்தேன். நீ 'சொல்லுங்க'ன்ன. அதுக்கப்பறம் எனக்கும் வீம்பு வந்திருச்சு."

செமினார் அன்றைக்கு வினிதா கண்ணால் பார்த்தது ஒரு கையையும் இரண்டு தோள்களையும்தான். மிச்சத்தையெல்லாம் தானே எழுதிச் சேர்த்துக்கொண்டு, தினமும் அதைப் படித்துப் படித்துக் குமைந்திருக்கிறாள். வெட்கமாக இருந்தது. அந்த வெட்கத்தின் நடுவிலேயே மூளை முளைத்த வழுக்கைத் தலை ஆமா ஆமா என்று ஆடியது. வினிதா இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். பயனில்லை. தோள் குலுங்கி, கண்ணில் நீர் வழிந்து, கடைசியில் மேசையிலேயே தலையைச் சாய்த்துவிட்டாள். அதைப் பார்த்து மதுமதியும் சிரித்துச் சிரித்து மூச்சு வாங்கினாள்.

டீ டம்ளரோடு உள்ளே வந்த பெண்கள் வாசலிலேயே நின்றுவிட்டார்கள்.

"ஏனுங் அம்மணி," என்றார் பொன்னாத்தாள், "இது கணக்குல வருமுங்களா?"

ஒருவழியாக விதி எழுதியானது. சத்தம் கேட்டாலும் கேட்காவிட்டாலும், கண் சுருங்கி, தோளோ வயிறோ குலுங்கினால் சிரிப்பு. கை எங்கே இருந்தாலும் சரி. வெறும் புன்னகை சேராது.

அதற்கப்புறம்தான் உண்மையான கஷ்டம் ஆரம்பித்தது. பேசித் தீராத விஷயம் நெஞ்சு முட்ட இருந்தது. பார்த்ததைப் பேச மட்டும் அனுமதி இல்லை. ஒருநாள் ஒடிசாவிலிருந்து வந்த பெண் ஒருத்தி சூப்பர்வைசர் நடக்கிற மாதிரி நடந்து காட்டினாள். மொழி புரியாதவர்களும் சேர்ந்து மேசையே கவிழ்ந்துவிடும்போல் சிரித்தார்கள். இருவரும் ஆளுக்கொரு மூலையில் பல்லைக் கடித்துக்கொண்டு குறித்தார்கள். திரும்பும் பஸ்ஸில் சினிமா பேசினார்கள், சுடிதார் பேசினார்கள், அந்த நடையைப் பற்றி மட்டும் மூச்சு விடவில்லை.

கவனிப்பு முடிந்த அன்று மாலை மேடம் கம்ப்யூட்டரில் கணக்குப் போட்டுப் பார்த்து, கண்ணாடியைக் கழற்றினார்.

"இவ்வளவு ஒத்துப்போகுதே. பேசி வெச்சுட்டு எழுதலியே?"

"சத்தியமா இல்லீங்க மேடம்!"

"அப்படீன்னா சொல்றேன். சில நாள் அவங்கவங்க ஊர்க்காரங்களோட உக்காரச் சொன்னேன். சில நாள் சீட்டுக் குலுக்கிக் கலந்து உக்கார வெச்சேன். கலந்த மேசையில சிரிப்புக் குறையும்னு நெனச்சேன். மொதல்ல குறைஞ்சுது. அப்பறம் ஏறிட்டே போயிருக்கு." மேடம் குழந்தை மாதிரி மேசையைத் தட்டினார். "நான் நெனச்சது தப்பு! எவ்வளவு நல்லா இருக்கு பாருங்க!"

டவுனுக்குள்ளேயே ராயபுரத்தில் இருக்கும் மதுமதி, பஸ் ஸ்டாண்டிலிருந்து தன் வீட்டுக்குப் போகாமல் வினிதாவோடு அவிநாசி பஸ்ஸில் ஏறிவிட்டாள். சூப்பர்வைசர் நடையில் ஆரம்பித்த பேச்சு, பஸ்ஸை விட்டு இறங்கி வீட்டு வாசலுக்கு வந்தபோதும் முடியவில்லை. அடுப்படியில் வினிதாவின் அம்மா ஜெயபாரதி இடியாப்பம் மாதிரி சந்தகை பிழிய அரிசிமாவை வேகவைத்து இறக்கிக்கொண்டிருந்தார். ரொம்ப நாளாகக் காணாத முகத்தைப் பார்த்ததும் ஏன் வரவில்லை என்றெல்லாம் கேட்கவில்லை.

"வா கண்ணு. ஆறிப்போனா பிழிய முடியாது. அந்தப் பக்கம் புடி" என்று சந்தகைக் கட்டையின் கைப்பிடியைக் காட்டினார்.

மதுமதி ஒரு பக்கமும் வினிதா ஒரு பக்கமும் கைப்பிடியில் தொங்கி அழுத்தினார்கள். பேச்சு அதுபாட்டுக்கு நடந்தது. தட்டில் வெள்ளை வெளேரென்று சந்தகை இழை இழையாக இறங்கிக்கொண்டிருந்தது.