டூட்டி ரூமை நான் மூடிய விதம்

எங்கள் ஆஸ்பத்திரி லேபில் ஒரு விதி உண்டு. தேதி முடிந்த ரத்த மாதிரியை யாரும் அப்படியே குப்பையில் போடக் கூடாது. ஒட்டியிருக்கும் பெயரை அழித்து, மருந்துத் தண்ணீரில் ஊறவைத்து, நோட்டில் கையெழுத்துப் போட்ட பிறகுதான் கொட்ட வேண்டும். பத்தொன்பது வருஷத்தில் அந்தக் கையெழுத்தை நான் ஒரு நாளும் சும்மா போட்டதில்லை. எதையும் ஒழுங்காகச் செய்கிறவள் என்று எனக்குக் கொஞ்சம் தலைக்கனமே உண்டு. அந்த ஒழுங்கால்தான் ஃபிலிம் அண்ணன் எழுதியதெல்லாம் போயிற்று.

ஃபிலிம் அண்ணன் எங்கள் எக்ஸ்ரே டெக்னீஷியன். படத்தை இருட்டறையில் கழுவிக் காயப்போட்ட காலத்தில் வேலைக்குச் சேர்ந்தவர். பேச்சிலும் கொஞ்சம் ஃபிலிம் காட்டுவார். இரண்டுக்குமாகச் சேர்த்து அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று திரும்பிப் பார்ப்பார்.

ஆறு வருஷத்துக்கு முன்னால் நாங்கள் எல்லோரும் பெரிய சமூக வலைத்தளம் ஒன்றில்தான் கிடந்தோம். வார்டு நர்ஸ் ஒருத்தி அங்கே, மூன்று நாளாகக் கையுறை இல்லை என்று ஒரு வரி எழுதினாள். 'உங்களுக்குத் தெரிந்தவராக இருக்கலாம்' என்று அதைக் கொண்டுபோய் மேலதிகாரியின் போனில் காட்டிவிட்டது அந்தத் தளம். மறுநாள் அவர் அதை அச்செடுத்து மேஜைமேல் வைத்துக்கொண்டு அவளைக் கூப்பிட்டார். கையுறை வரவில்லை, மெமோ வந்தது. எனக்கு வந்த கோபத்தில், வாடகைக்கு ஒரு சர்வர் எடுத்து, அதில் மாஸ்டடானை நிறுவி, 'டூட்டி ரூம்' என்று பெயரும் வைத்துவிட்டேன்.

தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. மாஸ்டடானில் எல்லோரும் ஒரே கட்டடத்தில் இல்லை. யார் வேண்டுமானாலும் தனியாக ஒரு வீடு போட்டுக்கொள்ளலாம். அந்த வீடுதான் சர்வர். வீட்டுக்கு வீடு பேசிக்கொள்ளலாம். நான் இங்கே எழுதினால், என்னைப் பின்தொடர்கிறவர் எந்த வீட்டில் இருக்கிறாரோ அங்கேயும் ஒரு பிரதி போய் உட்கார்ந்துகொள்ளும். விளம்பரம் கிடையாது, எழுதிய வரிசையிலேயே வரும், வீட்டுக்காரர் யாரென்று தெரியும். எங்கள் வீட்டுக்காரி நான். திட்டுவதென்றால் நேராக லேபுக்கு வந்தே திட்டலாம், திட்டியும் இருக்கிறார்கள்.

இருநூற்றுப் பதினோரு பேர் சேர்ந்தார்கள். நர்ஸ்கள், ஆம்புலன்ஸ் டிரைவர்கள், பார்மசிக்காரர்கள், சலவைப் பிரிவு ஆட்கள். பொருமினார்கள், சிரித்தார்கள், சண்டை போட்டார்கள். தினமும் தவறாமல் எழுதியவர் ஃபிலிம் அண்ணன் ஒருவர்தான். ஒரு நாளைக்கு ஒன்று, மூன்று நான்கு வரி. நோயாளியின் பெயரோ அடையாளமோ ஒரு நாளும் வராது.

'மூச்சை அடக்கச் சொன்னேன். படம் எடுத்துவிட்டு, விடச் சொல்ல மறந்துவிட்டேன். பெரியவர் கதவுவரை அடக்கிக்கொண்டே போய், திரும்பி என்னை முறைக்கிறார்.' அது ஒன்று. மனைவியை 'மேலிடம்' என்றுதான் எழுதுவார். 'மேலிடம் இன்று என் நீலச் சட்டையைத் தரை துடைக்க எடுத்துக்கொண்டது. என்னைக் கேட்கவில்லை. சட்டையையும் கேட்கவில்லை.' அது இன்னொன்று.

அந்த மேலிடம், நான் அண்ணி என்று கூப்பிடுகிறவர், செடி விற்கும் நர்சரியில் வேலை பார்க்கிறார். அவரும் மாஸ்டடானில் இருந்தார், ஆனால் எங்கள் வீட்டில் இல்லை. தோட்டக்காரர்கள் நடத்தும் வேறு ஒரு சர்வரில். "ஒரே வீட்டுல குடித்தனம் பண்றது போதாதா, அங்கயும் வேற சேர்ந்திருக்கணுமா?" என்று கேட்டவர் அவர். அண்ணன் கெஞ்சியதால் முதல் நாளே அவரைப் பின்தொடர மட்டும் செய்தார். படிப்பது கிடையாது. "நேர்ல பேசறதுலயே காது வலிக்குது" என்பார்.

அண்ணனுக்குக் கணையத்தில் வந்தது. கண்டுபிடித்த நாளிலிருந்து நான்கே மாதம். அந்த நான்கு மாதமும், கடைசி ஆறு நாள் தவிர, தினமும் எழுதினார்.

அவர் போன பிறகுதான் அண்ணி படிக்க ஆரம்பித்தார். "காலையில தண்ணி விடறதுக்கு முன்னால அஞ்சு நிமிஷம் பார்ப்பேன். இருக்கும்போது கேட்கல, இப்ப கேட்கறேன்" என்று ஒரு முறை போனில் சொன்னார். சொல்லிவிட்டு உடனே விதை, உரம் என்று பேச்சை மாற்றினார்.

இரண்டு வருஷம் அப்படிப் போயிற்று. இதற்கிடையில் என்னால் டூட்டி ரூமை இழுக்க முடியவில்லை. லேபில் இரண்டு பேர் வேலையை ஒருத்தியாகப் பார்த்தேன். வீட்டுக்கு வந்தால் போலிக் கணக்குகளைத் துரத்த வேண்டும், புகார்களுக்குப் பஞ்சாயத்துப் பண்ண வேண்டும், வாராவாரம் மென்பொருளைப் புதுப்பிக்க வேண்டும். வேறு யாராவது எடுத்துக்கொள்ளுங்கள் என்று கேட்டேன். நல்ல யோசனை என்று எண்பது பேர் நட்சத்திரம் போட்டார்கள், மாஸ்டடானில் லைக்குக்குப் பதில் அதுதான். பூனைக்கு மணி கட்ட ஒருத்தரும் வரவில்லை.

மூடப்போகிறேன் என்று மூன்று மாதம் முன்னதாகவே அறிவித்தேன். எல்லோரும் ஒரே குரலாக ஒன்று கேட்டார்கள். அதிகாரிகளைப் பற்றி இத்தனை வருஷம் எழுதித் தள்ளியிருக்கிறோம், அதில் எதுவும் எவன் கைக்கும் போகக் கூடாது. "ஒரு எழுத்து மிச்சம் இருக்காது" என்று வாக்குக் கொடுத்தேன். அவரவர் எழுதியதைத் தரவிறக்கிக்கொண்டு கிளம்பினார்கள். பாதிப் பேர் வேறு மாஸ்டடான் சர்வர்களுக்குப் போனார்கள். கூட்டம் அங்கேதான் இருக்கிறது என்று கொஞ்சம் பேர் ப்ளூஸ்கை என்ற இன்னொரு தளத்துக்குப் போனார்கள். இளசுகள் பழைய பெரிய தளத்துக்கே திரும்பினார்கள், நான் ஒன்றும் சொல்லவில்லை.

இறந்தவரால் தரவிறக்க முடியாது. அண்ணி போன் பண்ணினார்.

"நீ மூடிட்டா, அவர் எழுதினது என்னாகும்?"

"உங்க சர்வர்ல முழுப் பிரதி இருக்கு அண்ணி. முதல் நாள்லேர்ந்து பின்தொடர்றீங்க இல்லையா, எல்லாம் அங்க வந்து சேர்ந்திருக்கும். எங்க வீட்டை இடிச்சாலும் உங்க வீட்டுல இருக்கறது போகாது."

"நிச்சயமா?"

"ஒரு எழுத்து போகாது."

அண்ணனின் கணக்கைத் திறந்து ஒரு பிரதி எடுத்து வைத்திருக்கலாம். நிர்வாகிக்கு அது முடியாத காரியமில்லை. ஆனால் ஒருத்தர் கணக்கை அவர் அனுமதி இல்லாமல் திறப்பது முறையில்லை என்று நினைத்தேன். என் முறை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், சமையலறை மேஜையில் மடிக்கணினியை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். சர்வரை மூட இரண்டு வழி. வாடகை இயந்திரத்தை அப்படியே அணைத்துவிடலாம். சோம்பேறிகள் செய்வது. இன்னொன்று, கையேட்டில் எழுதியிருக்கும் முறையான கட்டளை. அதைக் கொடுத்தால் இங்கே இருப்பதை அழிப்பதோடு, இதுவரை பேசிய எல்லா சர்வர்களுக்கும், எங்கள் ஆட்கள் எழுதியதை நீங்களும் அழித்துவிடுங்கள் என்று செய்தி போகும். நான் கொடுத்த வாக்குக்கு இதைவிடப் பொருத்தமாக ஒன்று கிடைக்குமா? உண்மையாகவே செய்யப்போகிறாயா என்று அது கேட்டது. சர்வரின் பெயரைத் தட்டினேன். இன்னொரு முறை கேட்டது. தட்டினேன். அந்தச் செய்திகள் எல்லா வீட்டுக்கும் போய்ச் சேர இரண்டு நாள் பிடித்தது. அதுவரை இயந்திரத்தை ஓடவிட்டு, பிறகு அதன் வன்வட்டையும் துடைத்து, நோட்டில் தேதி எழுதிக் கையெழுத்துப் போடாத குறையாக வேலையை முடித்தேன். நிம்மதியாகக் குளித்தேன் என்பது இப்போதும் ஞாபகம் இருக்கிறது.

இரண்டு வாக்குமே என் மண்டைக்குள்தான் இருந்தன. ஒன்றை எடுத்து இன்னொன்றின் பக்கத்தில் வைத்துப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை.

அண்ணியின் போன் பத்து நாள் கழித்து வந்தது. அதற்கு முன்பே திறந்து பார்த்திருக்கிறார். அப்படி ஒரு கணக்கே இல்லை என்று வந்திருக்கிறது. தன் போன்தான் கெட்டுவிட்டது என்று நினைத்து ரிப்பேர் கடையில் கொடுத்திருக்கிறார். கடைக்காரர் ஒரு வாரம் வைத்திருந்து, போனில் ஒரு கோளாறும் இல்லை என்று திருப்பித் தந்திருக்கிறார்.

"உன்னைச் சந்தேகப்படவே இல்ல. நீதான் போகாதுன்னு சொன்னியே" என்றார்.

தோட்டக்கார சர்வரை நடத்துகிறவருக்கு அன்றைக்கே எழுதினேன். பணிவாகப் பதில் போட்டார். அழிக்கச் சொல்லிச் செய்தி வந்தது, அப்படியே அழித்தோம், எங்கள் காப்புப் பிரதி ஏழு நாள்தான் நிற்கும், மூன்று நாள் முந்திச் சொல்லியிருந்தால் மீட்டிருக்கலாம், உங்கள் இழப்புக்கு வருந்துகிறேன். சிதறிப்போன இருநூற்றுப் பதினோரு பேரில் கிடைத்தவர்களிடமெல்லாம் கேட்டேன். தரவிறக்கியதில் அவரவர் எழுதியதுதான் இருந்தது. ஆம்புலன்ஸ் டிரைவர் ஒருவரிடம் ஸ்கிரீன்ஷாட் மூன்று கிடைத்தன. மூன்றும் பழையவை. சோம்பேறி மாதிரி சுவிட்சை மட்டும் அணைத்திருந்தால் எல்லாம் அப்படியே இருந்திருக்கும்.

இதைப் போனில் சொல்ல மனசு வரவில்லை. மூன்று ஸ்கிரீன்ஷாட்டையும் தாளில் அச்செடுத்துக்கொண்டு நர்சரிக்குப் போனேன்.

பச்சை வலைக்குக் கீழே அண்ணி குனிந்து கறுப்புப் பைகளில் மண் நிரப்பிக்கொண்டிருந்தார். தரையெல்லாம் ஈரம். நான் நின்றுகொண்டே சொன்னேன், நடந்ததை நடந்த வரிசையில். அவர் பைகளை நிரப்பிக்கொண்டேயிருந்தார். நான் முடித்த பிறகு நிமிர்ந்து தாள்களை வாங்கிப் பார்த்தார்.

"இது மூணும் படிச்சதுதான்."

"தெரியும் அண்ணி. நான் பண்ணினதுக்கு மன்னிப்பே கிடையாது."

"கிடையாதுதான்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அதுவே எனக்கு அடி வாங்கியது போலிருந்தது.

பிறகு கையில் ஒட்டிய மண்ணைத் தட்டிக்கொண்டே சொன்னார்.

"கடைசி நாலு மாசத்தை நான் படிக்கவே இல்ல. வியாதின்னு சொன்ன தேதிக்கு முந்தின நாள் வரைக்கும் வந்துட்டேன். அதுக்கப்புறம் போக முடியல. திருப்பி அந்த மாசத்து மொதல்லேர்ந்து படிப்பேன். அந்த மாசத்துல அவருக்கு ஒண்ணுமே தெரியாது பாரு, சந்தோஷமா இருக்கார். எட்டு தடவை படிச்சிருப்பேன். தைரியம் வரட்டும், மிச்சம் எங்க போகப்போகுதுன்னு இருந்தேன்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் அழவில்லை.

"நீ அந்த நாலு மாசத்தைப் படிச்சிருப்பே இல்ல?"

"படிச்சேன் அண்ணி. ஒண்ணு விடாம நட்சத்திரம் போட்டேன்."

"என்ன எழுதியிருந்தார்?"

வாயைத் திறந்தேன். நூற்றுக்கு மேற்பட்ட பதிவுகள். பஸ்ஸில் நின்றபடி, மைக்ராஸ்கோப்பிலிருந்து கண்ணை எடுத்து, சாப்பிட்ட கையைக் கழுவாமல் என்று எல்லாவற்றையும் படித்திருக்கிறேன். படித்து, சிரித்து அல்லது உச்சுக்கொட்டி, நட்சத்திரத்தை அழுத்திவிட்டு அடுத்ததற்குப் போயிருக்கிறேன். இப்போது துழாவினால் ஒரு வரி கையில் வரவில்லை. அவருடைய எழுத்து குட்டையாகிக்கொண்டே போனது ஞாபகம் இருக்கிறது. என்ன எழுதினார் என்பது இல்லை. அண்ணி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒரு நாள் உங்களைப் பத்தி எழுதியிருந்தார்" என்றேன். "மேலிடம் தூங்காம என் காலைப் புடிச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்கு. இது கிடைக்க நான் என்ன புண்ணியம் பண்ணினேனோ தெரியல. அப்படின்னு."

அண்ணி இல்லை என்று தலையாட்டினார்.

"இது அவர் எழுதினது இல்ல" என்றார். "நாலு பேர் முன்னால என்னைப் பத்தி நல்லதா ஒரு வார்த்தை அவர் வாயில வராது. செத்தாலும் வராது. நீயா சொல்றே."

தலையைக் குனிந்துகொண்டேன். அண்ணி ஒரு மண் மூட்டையை இழுத்து என் பக்கத்தில் போட்டு, அதன்மேல் உட்கார்ந்தார்.

"பரவாயில்ல" என்றார். "இன்னொண்ணு சொல்லு."