கையுறையோடு எடுத்த போன்

சமையல் அக்கா வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தபோது நான் ஃப்ரிட்ஜைத் திறந்து எதையோ தேடுவதுபோல நின்றுகொண்டிருந்தேன். மாமனார் ஆஸ்பத்திரியில் சேர்ந்து நான்கு நாள். விடாத காய்ச்சல், வயிற்றுப்போக்கு. மலப் பரிசோதனையில் சால்மோனெல்லா கிருமி என்று வந்தது. பெரும்பாலும் சாப்பாட்டில் வருவது என்று டாக்டர் சொன்னதும் என் கணவர் முடிவுகட்டிவிட்டார். இனி வர வேண்டாம் என்று அக்காவிடம் அவரே சொன்னார்.

"நான் அசுத்தமா சமைக்கிறவளாம்மா? நீங்க படிச்சவங்க. நீங்களாவது ஒரு வார்த்தை சொல்லுங்க."

"பாக்கலாம்க்கா," என்றேன், திரும்பாமல்.

அந்தக் கிருமிதான் என் பிழைப்பு. பல்கலைக்கழக ஆய்வகத்தில் ஆறு வருடமாக அதைத்தான் வளர்க்கிறேன். அதன் உடம்பில் ஊசி போன்ற நுண்குழாய்கள் உண்டு. குடலில் ஒரு செல்லை ஒட்டியதும் அவற்றின் வழியே தன் புரதங்களை நேராக அதற்குள் செலுத்திவிடும். அந்தப் புரதங்களின் பேச்சைக் கேட்டு, செல் தன் சவ்வையே அலைபோல எழுப்பிக் கிருமியை வாரி உள்ளே இழுத்துக்கொள்ளும். முதன்முதலில் நுண்ணோக்கியில் அதைப் பார்த்த அன்று, சந்தோஷம் தாங்காமல் அக்காவிடம்தான் கையை ஆட்டி ஆட்டி விளக்கினேன். "அடப்பாவி! உள்ள வர்றதுக்கு முன்னாடியே ஆளை விட்டுக் கதவத் திறக்க வச்சிடுதா?" என்று சிரித்தார். எங்கள் மாணவர்களில் பாதிப் பேர் அதை அவ்வளவு சீக்கிரம் பிடித்ததில்லை.

டாக்டர் கிருமியின் பெயரைச் சொன்ன நொடியிலேயே மாமனாருக்குக் காய்ச்சல் தொடங்குவதற்கு முந்தின செவ்வாய்க்கிழமை எனக்கு ஞாபகம் வந்துவிட்டது. கிருமி வளர்ந்த குப்பியைக் கையாண்டுகொண்டிருந்தேன். மேஜையில் போன் அடித்தது. போனை அறைக்குள் கொண்டுவரவே கூடாது. கையுறையைக் கழற்ற நேரமில்லை என்று அப்படியே எடுத்துப் பேசினேன். அன்று மாலை மாமனார் அதே போனில், வெளியூரிலிருக்கும் மகளோடு அரை மணி நேரம் பேசினார். ஒரு கையில் போன், மறு கையில் பிஸ்கட். நடுவில் கை மாற்றிக்கொண்டார்.

இருந்தும் வாயைத் திறக்கவில்லை. நிச்சயமாகத் தெரியாமல் எப்படிச் சொல்வது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். ஆஸ்பத்திரி ஆய்வகத்தில் சொல்லி அவர் உடம்பிலிருந்து எடுத்த கிருமியை வரவழைத்தேன். எங்கள் கிருமியை அடையாளத்துக்காக ஒரு மருந்துக்குச் சாகாதபடி மாற்றி வைத்திருக்கிறோம். வெளியில் திரியும் கிருமி அந்த மருந்தில் பிழைப்பது அபூர்வம். மருந்து கலந்த வளர்ப்புத் தட்டில் மாமனாரிடமிருந்து வந்ததைத் தடவி வைத்தேன். செத்துப்போ, செத்துப்போ என்று வேண்டிக்கொண்டேன். மறுநாள் காலையில் தட்டு முழுக்கக் குண்டூசித் தலைகளாக வளர்ந்து நின்றது, எங்கள் கிருமி.

ஆய்வகத் தலைவரிடம் அன்றே எழுதிக் கொடுத்தேன். விசாரணை முடியும்வரை உள்ளே வர வேண்டாம் என்றார். கணவரிடம் சொன்னேன். அவர் எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு, "இது வெளிய தெரிய வேணாம்," என்றார். அதைக் கேட்டு எனக்கு ஒரு கணம் நிம்மதியாக இருந்தது. இன்றைக்கும் கூசுவது அதற்காகத்தான்.

மாமனார் வீடு திரும்பியிருந்தார். கன்னம் ஒட்டிப்போயிருந்தது. எல்லாவற்றையும் சொல்லி அழுதேன். அவர் கோபப்படவில்லை.

"சமைக்கிற பொண்ணுகிட்ட சொல்லிட்டியா?"

"இன்னும் இல்ல மாமா."

"அப்புறம் எங்கிட்ட எதுக்கும்மா அழற?"

அக்கா வீடு மூன்றாவது மாடியில் ஒற்றை அறை. பிரசவத்துக்கு வந்திருந்த மகள் அடுப்பில் எதையோ கிண்டிக்கொண்டிருந்தாள். மூலையில் பத்து நாள் குழந்தை தூங்கியது. அக்கா அதைவிட்டுத் தள்ளி, கதவோரமாக உட்கார்ந்திருந்தார்.

"நீங்க சமைக்கலியாக்கா?"

"எங்கிட்டதான் ஏதோ இருக்குன்னுட்டாங்களே. பச்சப்புள்ள இருக்கிற வீடு. நான் எதையும் தொடறதில்லம்மா."

"அம்மா இன்னும் பாப்பாவத் தூக்கக்கூட இல்ல," என்றாள் மகள், என்னைப் பார்க்காமல்.

நின்றபடியே சொன்னேன். போன், கையுறை, தட்டு, டாக்டர் சொன்னபோதே எனக்குத் தோன்றியது, வாயை மூடிக்கொண்டது, எல்லாவற்றையும். மகளின் கரண்டி நின்றுவிட்டது. அக்கா மெல்ல எழுந்து மூலைக்குப் போய், இரண்டு கைகளையும் குழந்தைக்கு அடியில் கொடுத்துத் தூக்கினார். அது சிணுங்கியது. அதன் உச்சந்தலையில் மூக்கை வைத்தபடி ஜன்னலோரம் அப்படியே நின்றார்.

உட்காரச் சொல்லவுமில்லை, போகச் சொல்லவுமில்லை. அடுப்பில் ஏதோ தீயும் வாசனை வந்தது. யாரும் அதை இறக்கி வைக்கவில்லை.