ஒரு அடுப்புக்கு ஒரு சட்டை

கல்லர்ஹேவன் மீட்புப் படகு நிலையத்துக்கு எழுதி வைத்த விதிகள் இருபத்தேழு. லண்டனில் அச்சடித்து அனுப்பினார்கள். கொட்டகையின் உள்சுவரில் ஒட்டியிருக்கிறது. யாரும் படித்ததில்லை. எழுதி வைக்காத விதிகள் மூன்று. அவற்றை யாரும் மீறியதில்லை.

முதலாவது, கப்பல் ஆபத்தில் இருக்கிறது என்று அறிவிக்கும் வெடிச் சத்தம் கேட்டதும் யார் ஓடி வந்து தக்கைச் சட்டையை எடுத்துக் கட்டுகிறானோ அவனுக்குத்தான் படகில் இடம். ஆணிகள் பதின்மூன்று, சட்டைகள் பதின்மூன்று. பதினான்காவதாக வருகிறவன் எவ்வளவு பெரிய சூரனாக இருந்தாலும் கரையில் நின்று இருமிக்கொண்டிருக்கலாம்.

இரண்டாவது, ஒரு அடுப்புக்கு ஒரு சட்டை. 1861-ல் ஒரே வீட்டிலிருந்து அப்பனும் மூன்று பிள்ளைகளும் ஒரே படகில் போனார்கள். நால்வரும் திரும்பவில்லை. அந்த வீட்டம்மாள் அதற்குப் பிறகு இருபத்தெட்டு வருஷம் மேஜையில் ஐந்து தட்டு வைத்துத்தான் சாப்பிட்டாளாம். அவளைப் பார்க்கச் சகிக்காமல் ஊர் தன் நிம்மதிக்காகச் செய்துகொண்ட விதி இது.

மூன்றாவது, சட்டையில் கட்டிய முடிச்சைக் கரையில் அவிழ்க்கக் கூடாது. அடுத்தவன் அவிழ்த்தால் படகு கவிழும். தானே அவிழ்த்தால் படகு கவிழாது, அவன் கவிழ்வான். வில்கின்சன் என்று ஒருவர் 1899-ல் அவிழ்த்தார். அன்றிலிருந்து ஊருக்கு அவர் பெயர் முடிச்சு. அவர் மனைவி முடிச்சு வீட்டம்மா, அவர் நாய் முடிச்சு நாய். கல்லறைக் கல்லிலாவது சொந்தப் பெயரைப் போடும்படி பாதிரியாரிடம் எழுதிக் கொடுத்திருக்கிறார்.

படகில் போகிறவர்கள் எல்லோரும் தொண்டர்கள். யாரும் யாரையும் கட்டாயப்படுத்துவதில்லை. அதனால்தான் எழுபது வருஷமாக ஒருவராலும் மறுக்க முடியவில்லை.

1924 பிப்ரவரியில் நான் நியூகாசில் கல்லூரியிலிருந்து ஊருக்கு வந்திருந்தேன். துணை முதல்வரின் மீசையைப் பற்றிக் கல்லூரிப் பத்திரிகையில் ஆராய்ச்சிக் கட்டுரை எழுதியிருந்தேன். கல்லூரி அதை மெச்சி இரண்டு வாரம் விடுமுறை கொடுத்திருந்தது. வீட்டில் அம்மா தாமசினும் என் அண்ணன் ஜேக்கப்பும் மட்டும். அப்பா மூன்று வருஷம் முன்பு படுக்கையில் சளிக் காய்ச்சலில் செத்துப்போனார். எங்கள் ஊரில் அது கொஞ்சம் வெட்கப்பட வேண்டிய சாவு.

ஜேக்கப்புக்கு இருபத்தொன்பது வயது. மீட்புப் படகில் அணியத்துக்காரன். படகின் மூக்கில் நின்று, மூழ்கும் கப்பலின் மேல் கொக்கிக் கயிற்றை வீசுகிறவன். பதினோரு வருஷத்தில் அவன் வீசிய கயிறு விழாமல் போனது இரண்டே தடவை. அந்த இரண்டையும் அவன் தேதியோடு சொல்வான்.

அன்று காலை மூவரும் அடுக்களையில் உட்கார்ந்து தூண்டில் இரைக்கு மட்டி உரித்துக்கொண்டிருந்தோம். வெளியே வாடை ஊளையிட்டது.

"டேய் லான்ஸ், இப்ப வெடி போட்டா நீ என்னடா பண்ணுவ?" என்றான் ஜேக்கப்.

"இங்க படிக்கிற புள்ள இருக்கான், சத்தம் போடாதீங்கன்னு கடுதாசி எழுதுவேன்."

"நீ எழுதி முடிக்கிறதுக்குள்ள கப்பல்ல இருக்கிறவன் செத்து, அவன் பேரனும் கெழவனாயிருப்பான்."

"ஏண்ணே, என்னால ஓட முடியாதா? சட்டை கட்டத் தெரியாதா?"

"ஓடுவ. கட்டுவ. அப்புறம் அந்தச் சட்டையப் பத்தி ஒரு கட்டுரை எழுதுவ."

அம்மா தலை நிமிரவில்லை. "மட்டிய உரிங்கடா ரெண்டு பேரும். வாய உரிச்சது போதும்."

பத்து மணிக்குமேல் புகை பிடிக்க வெளியே போனேன். காற்றுப் படாத இடம் ஊரில் ஒன்றே ஒன்றுதான், படகுக் கொட்டகையின் பின்சுவர். அங்கே குந்தியிருந்தபோது தலைக்கு மேலே வெடி வெடித்தது. பனித்தூறல் விலகிய இடைவெளியில், வெளிப்பாறைமேல் ஒரு கப்பல் சாய்ந்து கிடப்பது தெரிந்தது.

நான் உட்கார்ந்திருந்த இடத்திலிருந்து ஆணிகளுக்கு முப்பது அடி. நான் ஓடக்கூட இல்லை, நடந்தேன். ஒரு சட்டையை எடுத்து மாட்டி, மார்பில் இறுக்கி முடிச்சுப் போட்டேன். ஜேக்கப் மூச்சிரைக்க உள்ளே வரும்போது அவன் மூஞ்சி எப்படி இருக்கும் என்று பார்க்க வேண்டும், அவ்வளவுதான். பார்த்துவிட்டு எப்படியாவது அவனிடம் கொடுத்துவிடலாம் என்று நினைத்தேன். மூன்றாவது விதி அந்த நேரத்தில் ஞாபகத்துக்கு வரவில்லை. என் வாழ்நாளில் எனக்குத் தோன்றியதிலேயே சிறந்த நகைச்சுவை அது என்று முழுசாக ஒரு நிமிஷம் நம்பினேன்.

ஆட்கள் வந்தார்கள். எட்டு சட்டை போயிற்று, ஒன்பது போயிற்று. ஜேக்கப் உள்ளே வந்து நேரே சுவருக்குப் போய்ப் பத்தாவதை எடுத்தான். அப்போதுதான் என்னைப் பார்த்தான்.

அவன் மூஞ்சியில் நான் எதிர்பார்த்தது ஒன்றுமே இல்லை. எடுத்த சட்டையை மெதுவாகத் திரும்ப ஆணியில் மாட்டினான்.

சுக்கான் பிடிப்பவர் ஆடம் ஆர்ச்போல்ட், எங்கள் அம்மாவுடன் பிறந்தவர். அவர் என்னைப் பார்த்தார், ஜேக்கப்பைப் பார்த்தார், என் மார்பில் இருந்த முடிச்சைப் பார்த்தார்.

"யாருடா இவனக் கட்டச் சொன்னது?"

"யாரும் சொல்லல மாமா. சும்மா, வெளையாட்டுக்கு..."

"வெளையாட்டுக்குத்தான் கட்டினியா?"

பன்னிரண்டு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஆமாம் என்று சொல்லியிருக்கலாம்.

ஜேக்கப் என் பக்கத்தில் வந்து, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னான். "லான்ஸ், அவுத்துடு."

"அண்ணே..."

"ஊரு பேசும். பேசட்டும். ரெண்டு வாரத்துல நீ நியூகாசிலுக்குப் போயிருவ. அவுத்துடுடா."

என் விரல் முடிச்சின் மேல்தான் இருந்தது. வாசலில் நின்றிருந்தவர்களில் முடிச்சு வில்கின்சனும் ஒருவர். அவர் என்னையே உற்றுப் பார்த்தார். இருபத்தைந்து வருஷமாகத் தனியாகவே இருந்த சங்கத்துக்குப் புது உறுப்பினர் வருகிறானா என்று பார்க்கிற பார்வை.

நான் விரலை எடுத்துவிட்டேன்.

"எனக்கும் துடுப்பு வலிக்கத் தெரியும்" என்றேன் சத்தமாக.

மாமா ஒரு மூச்சு விட்டார். "கட்டினவன் போறான். ஜேக்கப், நீ நில்லு. டிக், அணியத்துக்கு நீ போ. டிக்கோட துடுப்பு இவனுக்கு."

டிக் ஸ்ட்ரானுக்கு அறுபத்தொரு வயது. வலது தோள் ஏற்கெனவே பாதிதான் தூக்கும். "நானா?" என்றார். மற்ற மூன்றும் போயின; பத்தாவது சட்டையை ரொட்டிக் கடைக்காரர் எடுத்துக்கொண்டார். அவர் கயிறு வீசி யாரும் பார்த்ததில்லை.

படகை வண்டியோடு கடலுக்குள் இழுப்பது பெண்களின் வேலை. முப்பது பேர் பாவாடையை முழங்காலுக்கு மேலே முடிந்துகொண்டு கயிற்றைப் பிடித்து நின்றார்கள். அம்மா முதல் ஆளாக இடுப்பளவு தண்ணீரில் இருந்தாள். படகில் உட்கார்ந்திருந்தது எந்தப் பிள்ளை என்று அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது.

பின்னால் ஒருத்தி, "ஏய் தாமசின், சின்னவனாடி போறான்?" என்று கத்தினாள்.

"எவன் போனா என்னடி, என் வீட்டுலேர்ந்து ஒருத்தன் போறான். இழுங்கடி!"

கப்பல் நார்வேக்காரர்களுடையது. சுரங்கத்துக்கு முட்டுமரம் ஏற்றி வந்தது. மரமெல்லாம் அவிழ்ந்து தண்ணீரில் மிதந்தது. ஒவ்வொன்றும் வந்து படகை இடித்தது. முன் பாய்மரத்தின் கயிற்றேணியில் பதினோரு பேர் தொங்கினார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் யாரோ துணி உலர்த்தியிருப்பதைப் போல இருந்தது.

முதல் தடவை நெருங்கியபோது என் துடுப்பு தண்ணீரைப் பிடிக்கவில்லை. அலை கீழே போய்விட்டிருந்தது, நான் காற்றை வலித்தேன். துடுப்பின் பிடி என் மார்பில் மோதி, எனக்குப் பின்னாலிருந்தவன் மடியில் நான் விழுந்தேன். படகு பக்கவாட்டில் திரும்பிவிட்டது. டிக் அந்த நேரத்தில் வீசிய கயிறு கடலில் விழுந்தது.

"விலகு! விலகு!" என்று மாமா கத்தினார். விலகி, சுற்றி, மறுபடியும் காற்றுக்கு எதிராக ஏறி வர ஒரு கால் மணி நேரம் ஆயிற்று.

இரண்டாம் தடவை என் துடுப்பு ஒழுங்காகத்தான் இருந்தது. டிக்கின் தோள் தூக்கவில்லை. கயிறு ஐந்தடி குறைவாகப் போய் விழுந்தது. மறுபடியும் கால் மணி நேரம்.

மூன்றாம் தடவை கொக்கி மாட்டியது. ஒருவன் வந்தான், இரண்டாவது ஆள் வந்தான். ஆறு பேர் கயிற்றைப் பற்றி இறங்கி வந்துவிட்டார்கள். ஏழாவது ஆள் ஏணியை விட்டுக் கையை எங்கள் பக்கம் நீட்டியபோது பாய்மரம் அடியோடு முறிந்தது. பெரிய சத்தம் எதுவும் இல்லை. ஒருவன் நாற்காலியிலிருந்து எழுந்து போவதைப் போலப் போயிற்று. ஐந்து பேரும் அதோடு போனார்கள்.

கரைக்குத் திரும்பியபோது ஜேக்கப் கழுத்தளவு தண்ணீரில் நின்று படகின் விளிம்பைப் பிடித்தான். ஒவ்வொருவனாகத் தோளில் தூக்கிக் கரைக்குக் கொண்டுபோய் விட்டான். ஆறாவது ஆளை இறக்கிவிட்டுத் திரும்ப வந்து படகுக்குள் எட்டிப் பார்த்தான்.

"மத்தவங்க?"

டிக் தன் வலது கையை இடது கையால் தாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவர் அழுதது எல்லோருக்கும் தெரிந்தது. உப்புத்தண்ணீர் என்று எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள்.

எங்கள் அடுக்களையில் இரண்டு நார்வேக்காரர்கள் போர்வைக்குள் தேநீர் குடித்தார்கள். ஒருவன் எழுந்து வந்து கொப்புளம் உடைந்திருந்த என் உள்ளங்கையைப் பிடித்து முத்தமிட்டான். அம்மா அடுப்பின் பக்கம் திரும்பிக்கொண்டாள். அந்த வாரப் பத்திரிகையில் 'கல்லூரி மாணவரின் துணிச்சல்' என்று போட்டிருந்தார்கள். துணை முதல்வர் தம் கைப்பட வாழ்த்துக் கடிதம் அனுப்பினார்.

நான்கு நாட்களில் மூன்று உடல்கள் கரை ஒதுங்கின. ஜேக்கப்பும் நானும்தான் தூக்கினோம். தலைப்பக்கம் அவன், கால்பக்கம் நான். அவன் பேசியது "மெதுவா" என்ற ஒரு வார்த்தைதான்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து கொட்டகையில் கூட்டம். சுவரில் இருக்கிற மீட்புக் கணக்குப் பலகையில் என்ன எழுதுவது என்று பேசினார்கள். நிலையத்தின் செயலாளர் பாதிரியார்தான். "நார்வே மரக்கப்பல், காப்பாற்றப்பட்டோர் ஆறு பேர்" என்று படித்துக் காட்டினார்.

நான் எழுந்தேன். "பதினோரு பேரு வந்திருக்கணும். நான் வெளையாட்டுக்குச் சட்டையக் கட்டினேன். அவுக்கச் சொன்னாங்க, அவுக்கல. பேருக்குப் பயந்து அவுக்கல. அதையும் பலகையில எழுதுங்க."

பாதிரியார் பேனாவைக் கீழே வைத்தார்.

மாமா பைப்பை வாயிலிருந்து எடுத்தார். "கட்டின. போன. வந்த. உக்காரு."

"மாமா, அண்ணன் போயிருந்தா..."

"உக்காருன்னேன்ல. கட்டினவன் போறதுதான் மொறை. ஒரு அடுப்புக்கு ஒருத்தன்தான் மொறை. உன்மேல தப்புன்னா மொறைமேல தப்பு. அறுபது வருஷமா அந்த மொறையில போனவன் எத்தன பேரு? அவங்க பொண்டாட்டிங்க இங்க வந்து உக்காந்திருக்காங்க. அவங்ககிட்ட போயிச் சொல்றியா?"

பின்வரிசையில் கறுப்பு உடுத்திய பெண்கள் என்னைப் பார்க்காமல் மடியைப் பார்த்தார்கள். நான் உட்கார்ந்தேன். பக்கத்திலிருந்த முடிச்சு வில்கின்சன் என் முழங்காலைத் தட்டிக்கொடுத்தார். கூட்டத்தில் என்மேல் இரக்கப்பட்டது அவர் ஒருவர்தான். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

மறுநாள் காலை ஜேக்கப் வீட்டுக்குப் பின்னாலிருந்த வலைக் கொட்டகையைப் பெருக்கினான். மத்தியானம் தன் கட்டிலைக் கொண்டுபோனான். சாயங்காலம் எங்கிருந்தோ துருப்பிடித்த ஓர் இரும்பு அடுப்பை வாங்கித் தள்ளுவண்டியில் வைத்துக்கொண்டு வந்தான். அம்மா வாசலில் நின்று பார்த்தாள்.

"இங்க என்னடா குறை ஒனக்கு?"

"ஒரு குறையும் இல்லம்மா. எனக்குன்னு ஒரு அடுப்பு வேணும்."

அம்மாவுக்குப் புரிந்துவிட்டது. அடுப்பு வேறானால் சட்டையும் வேறு. உள்ளே போய் ஒரு தட்டு, ஒரு கோப்பை, ஒரு கரண்டி கொண்டுவந்து கொடுத்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். இனி வெடி போட்டால் இந்த வீட்டு அடுப்புக்காக ஓட வேண்டியவன் நான்.

அடுப்பு கனம். ஒரு ஆளால் தூக்க முடியாது. "பிடி" என்றான். பிடித்தேன். இருவருமாக வலைக் கொட்டகையின் மூலையை நோக்கிக் கொண்டுபோனோம். பாதி வழியில் இறக்கி வைத்து மூச்சு வாங்கினோம்.

"கோவமாண்ணே?"

அவன் கையிலிருந்த துருவைக் கால்சட்டையில் துடைத்தான்.

"ஏழாவது ஆளு கைய நீட்டினானாமே. டிக் சொன்னாரு."

"ஆமா."

"எவ்வளவு தூரம் இருக்கும்?"

கொட்டகையின் வாசலைக் காட்டினேன். நாங்கள் நின்ற இடத்திலிருந்து முப்பதடி இருக்கும். ஜேக்கப் ஒரு காலைப் பின்னால் வைத்து, தோளைத் திருப்பி, வாசலை அளந்தான். கண்ணை மூடித் திறந்தான்.

"இதா? இத நான் படுத்துக்கிட்டே வீசுவேன்டா" என்றான்.

பிறகு குனிந்து அடுப்பின் தன் பக்கத்தைப் பிடித்துக்கொண்டு, நான் என் பக்கத்தைப் பிடிப்பதற்காகக் காத்திருந்தான்.